கோடையில் ஆய்வுக்குப் பணம் திரட்டுவது: ஒரு வரலாற்று மாணவியின் அனுபவம்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வரலாறு, இலக்கியம், சமயவியல், மெய்யியல் ஆகிய துறைகளில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் பலருக்கு உதவித்தொகை ஒன்பது மாதத்துக்குத்தான் வரும். ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ தொடங்கி மே மாத நடுவில் நின்றுவிடும். வீட்டு வாடகைக்கு அப்படி விடுமுறை கிடையாது. மாணவர் விசாவில் வந்தவர்கள் வளாகத்துக்கு வெளியே கிடைத்த வேலையில் சேர்ந்துவிடவும் முடியாது. ஆய்வேட்டுக்கு வேண்டிய ஆவணங்களைத் தேடி வெளியூர் போக வாய்க்கும் காலமும் அதே மூன்று மாதம்தான். செலவு ஏறுகிற நேரம் பார்த்து வரவு நின்றுவிடுகிறது.

அறிவியல் துறை நண்பர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மறுப்பார்கள். அவர்களுடைய நெறியாளர்கள் பெரிய மானியங்கள் வாங்கி ஆய்வுக்கூடம் நடத்துகிறார்கள். கோடையில் மாணவருக்கு அதிலிருந்தே சம்பளம் போகிறது. வரலாற்றுப் பேராசிரியருக்கு ஆய்வுக்கூடமும் இல்லை, மாணவருக்குச் சம்பளம் கொடுக்கும் அளவுக்கு மானியமும் இல்லை. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பரிந்துரைக் கடிதம்தான் தர முடியும்.

வசதியுள்ள சில தனியார் பல்கலைக்கழகங்கள் பன்னிரண்டு மாதத்துக்கும் கொடுக்கத் தொடங்கிவிட்டன. அதனால் சேர்க்கைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும் தம்பி தங்கைகளுக்கு முதலில் ஒன்று சொல்வேன். கடிதத்தில் இருக்கும் தொகை ஒன்பது மாதத்துக்கா, பன்னிரண்டு மாதத்துக்கா என்று பாருங்கள். கோடை உதவி உண்டு என்று எழுதியிருந்தால் எத்தனை கோடைக்கு என்று கேளுங்கள். "போட்டியின் அடிப்படையில் வழங்கப்படும்" என்றிருந்தால் உறுதி எதுவும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் கேட்டுத் திருப்தியடைய வேண்டாம்; மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

என் ஆய்வு பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சகங்களில் வேலை பார்த்தவர்களைப் பற்றியது. எழுத்துக் கோத்தவர்கள், மெய்ப்புப் பார்த்தவர்கள், புத்தகம் கட்டியவர்கள். அமெரிக்க மிஷனரிகள் 1816-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். 1820-இல் அவர்களுக்காக அமெரிக்காவிலிருந்து வந்த அச்சுக்காரரை இலங்கையின் பிரிட்டிஷ் நிர்வாகம் தங்கவிடவில்லை. அவர் பம்பாய்க்குப் போய்விட்டார். அடுத்த அச்சுக்காரர் வந்து மானிப்பாயில் அச்சு வேலை தொடங்க 1834 ஆகிவிட்டது. 'உதயதாரகை' இதழ் 1841-இல் தொடங்கியது. இதே மிஷன் சென்னையில் நடத்திய அச்சகத்தில்தான் வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதி 1862-இல் அச்சாகி வந்தது. இந்த அச்சகங்களிலிருந்து தலைமையகத்துக்குப் போன அறிக்கைகளும் கணக்குகளும் கடிதங்களும் பாஸ்டனில் சேர்ந்தன. இன்று அவை ஹார்வர்டின் ஹவ்டன் நூலகத்தில் இருக்கின்றன. மானிப்பாயில் எழுத்துக் கோத்த ஒரு தமிழரின் பெயரைக் கண்டுபிடிக்க நான் மாசச்சூசெட்ஸ் போக வேண்டியிருந்தது. நான் படித்ததோ அங்கிருந்து வெகுதூரத்தில், நடுமேற்குப் பகுதியில்.

இந்தப் பயணத்துக்கு முழுச் செலவையும் ஒரே இடத்தில் யாரும் கொடுக்கவில்லை. கொடுப்பதும் அபூர்வம். என் கோடைகள் எல்லாமே துண்டு துண்டாகச் சேர்த்துத் தைத்தவை. துறையிலிருந்து சிறு பயணத்தொகை, பட்டமேற்படிப்புப் புலத்திலிருந்து இன்னொன்று, தெற்காசிய மையத்திலிருந்து ஒன்று, நூலகங்களே தரும் குறுகிய கால ஃபெல்லோஷிப் ஒன்று. ஒவ்வொன்றும் தனியாக எதற்கும் போதாது. சேர்ந்தால் ஒரு கோடை நகரும்.

பலரும் கவனிக்காமல் விடுவது இவற்றில் கடைசியாகச் சொன்னதைத்தான். பெரிய ஆய்வு நூலகங்கள் தம் சேகரிப்பை வந்து பார்ப்பதற்கு, பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதத்துக்கு, ஆய்வாளர்களுக்குப் பணம் கொடுக்கின்றன. கலிபோர்னியாவின் ஹன்டிங்டன் நூலகம், சிகாகோவின் நியூபெரி நூலகம், வூஸ்டர் நகரில் இருக்கும் அமெரிக்கத் தொல்பொருள் சங்கம் எல்லாம் இப்படிக் கொடுப்பவை. மூன்றாவதைப் பெயரைப் பார்த்துத் தாண்டிப் போய்விடக் கூடாது. ஐசையா தாமஸ் என்ற அச்சுக்காரர் 1812-இல் நிறுவிய சங்கம் அது. பழைய அமெரிக்க அச்சு நூல்களுக்கும் இதழ்களுக்கும் அதைப்போல இன்னொரு இடம் அரிது. எனக்கு மிகவும் கைகொடுத்தது நியூ இங்கிலாந்துப் பகுதி நூலகங்களும் காப்பகங்களும் சேர்ந்து நடத்தும் ஃபெல்லோஷிப் கூட்டமைப்பு. ஒரே விண்ணப்பம் போதும். குறைந்தது மூன்று நிறுவனங்களில் ஆய்வு செய்ய வேண்டும், மொத்தம் எட்டு வாரம். எனக்குக் கிடைத்த ஆண்டில் தொகை 5,000 டாலர். ஹவ்டன், பாஸ்டனின் காங்கிரிகேஷனல் நூலகம், வூஸ்டர் சங்கம் மூன்றையும் ஒரே கோடையில் என்னால் பார்க்க முடிந்தது.

கெடுத் தேதிகளைக் கவனியுங்கள். ஹன்டிங்டனுக்கு வழக்கமாக நவம்பர், நியூபெரிக்கு டிசம்பர், வூஸ்டருக்கு ஜனவரி, கூட்டமைப்புக்குப் பிப்ரவரி தொடக்கம். துறை மானியங்களுக்கான கெடு பிப்ரவரி, மார்ச்சில் வரும். பனி பெய்யும் மாதங்களிலேயே கோடை தீர்மானமாகிவிடுகிறது. ஏப்ரலில் யோசிக்கத் தொடங்குபவருக்குத் துறையின் கடைசிச் சில்லறைதான் மிஞ்சும். இன்னொன்று: நூலக ஃபெல்லோஷிப்கள் பெரும்பாலும் தகுதித் தேர்வுகளை முடித்து ஆய்வேட்டுக் கட்டத்துக்கு வந்தவர்களுக்கானவை. முதல் இரண்டு ஆண்டுகளில் துறையையும் வட்டார ஆய்வு மையத்தையும்தான் நம்ப வேண்டும்.

குடியுரிமை பற்றி முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்கக் கூட்டரசின் பணத்தில் நடந்துவந்த ஃப்ளாஸ் மொழிப் படிப்பு உதவித்தொகையும் ஃபுல்பிரைட்-ஹேஸ் ஆய்வேட்டு உதவியும் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ மாணவர் விசாவில் வந்தவர் அந்த விண்ணப்பத்தில் ஒரு மணி நேரம்கூடச் செலவிட வேண்டியதில்லை. நூலகங்களின் சொந்த ஃபெல்லோஷிப்களில் பெரும்பாலானவை எந்த நாட்டவருக்கும் திறந்தவை. அவை அறக்கட்டளை நிதியிலிருந்து வருவதால் அரசியல் காற்று மாறும்போது அவ்வளவு எளிதில் ஆட்டம் காண்பதில்லை. 2025 ஏப்ரலில் அமெரிக்காவின் தேசிய மானுடப்புல நிதியம், தான் ஏற்கெனவே வழங்கியிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட மானியங்களை ஒரேயடியாக ரத்து செய்ததைப் பார்த்த பிறகு, ஒரே கூடையை நம்பக் கூடாது என்று யாருக்கும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

இனி விண்ணப்பம். இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. துறையின் சிறு மானியக் குழுவில் ஓராண்டு மாணவர் பிரதிநிதியாக இருந்தேன். கட்டுக்கட்டாக முன்மொழிவுகளைப் படித்தபோதுதான் எது எடுபடுகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. பாதிப் பேர் இப்படித் தொடங்குவார்கள்: "காலனியத் தெற்காசியாவில் அச்சுப் பண்பாடும் நவீனத்துவமும் ஒன்றையொன்று எவ்வாறு வடிவமைத்தன என்பதை என் ஆய்வு விசாரிக்கிறது." இதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இதற்கு ஏன் ஜூலை மாதம் பாஸ்டனுக்குப் போக வேண்டும் என்று படிப்பவருக்குத் தெரியாது. குழுவில் இருப்பவர் மத்தியகால ஃபிரெஞ்சுக் கவிதை படித்தவராக இருக்கலாம். உங்கள் துறையின் விவாதங்கள் அவருக்குப் பரிச்சயமில்லை. ஒரு பெட்டியில் என்ன இருக்கிறது, அதிலிருந்து என்ன எடுக்கப் போகிறீர்கள் என்றால் அவருக்கு உடனே புரியும்.

கூட்டமைப்புக்கு நான் எழுதியதில் ஒரு பகுதியைத் தமிழில் தருகிறேன்: "மானிப்பாய் அச்சகம் 1834 முதல், உள்ளூர்க் கிறிஸ்தவர்கள் கைக்கு மாறிய 1855 வரை அனுப்பிய ஆண்டறிக்கைகளில் வேலையாட்களின் பெயர், கூலி, வேலைப் பிரிவு எங்கெல்லாம் வருகின்றன என்று தொகுப்பேன். இவை ஹவ்டன் நூலகத்தின் இலங்கை மிஷன் கடிதத் தொகுதிகளில் உள்ளன. இத்தொகுதிகள் நுண்படத்தில் (மைக்ரோஃபிலிமில்) கிடைக்கின்றன. என் பல்கலைக்கழகத்தில் அந்த நுண்படத்தைப் பார்த்துவிட்டேன். கணக்குப் பட்டியல்களில் மை மங்கிய இடங்கள் நுண்படத்தில் படிக்க முடியாதவை. மூலத்தைப் பார்க்கக் கேட்பது அந்தப் பக்கங்களுக்காக. கிடைப்பது ஆய்வேட்டின் இரண்டாம் இயலாகும்."

இதில் நுண்படம் பற்றிய வரிகளைக் கவனியுங்கள். "எல்லாம்தான் நுண்படத்தில் இருக்கிறதே, இணையத்தில் இருக்கிறதே, எதற்குப் போக வேண்டும்?" என்பது எந்தக் குழுவிலும் எழும் முதல் கேள்வி. அதை அவர்கள் கேட்பதற்கு முன்பே பதில் சொல்லிவிட வேண்டும். மறைக்கப் பார்த்தால் விண்ணப்பம் அங்கேயே விழுந்துவிடும். நுண்படத்தைப் பார்த்துவிட்டேன் என்று சொல்லும்போது, வீட்டு வேலையை முடித்துவிட்டுத்தான் கதவைத் தட்டுகிறாள் என்று அவர்களுக்குத் தெரிகிறது.

இப்படி எழுத வேண்டுமானால் பெட்டியில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்கு வழி, காப்பகத்தின் நூலகருக்குக் கடிதம் எழுதுவது. நம் ஊர்ப் பிள்ளைகள் இதற்குத் தயங்குகிறார்கள். பெரிய இடம், பெரிய மனிதர்கள், நாம் போய்த் தொந்தரவு செய்வதா என்று நினைக்கிறார்கள். அது அவர்களுடைய வேலை. பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு செய்கிறார்கள். நீண்ட அறிமுகம் வேண்டாம். நான் இன்ன ஆய்வு செய்கிறேன், பட்டியலில் இன்ன தொகுதியைப் பார்த்தேன், அதில் அச்சக அறிக்கைகள் தனியாக இருக்கின்றனவா, கடிதங்களோடு கலந்திருக்கின்றனவா, வேறு எங்கே பார்க்கலாம் என்று ஐந்தாறு வரி எழுதினால் போதும். பட்டியலில் இல்லாத தகவல் இப்படித்தான் எனக்கு வந்தது. காங்கிரிகேஷனல் நூலகத்துக்கும் போய்ப் பாருங்கள் என்று சொன்னவர் வேறொரு நூலகத்தின் நூலகர்தான்.

அதே கடிதத்தில் கோடையில் வாசிப்பறை திறந்திருக்குமா என்றும் கேட்டுவிட வேண்டும். ஹவ்டன் 2019-இல் புதுப்பிப்பு வேலைக்காக நீண்ட காலம் மூடப்பட்டது. பணம் கிடைத்து, விமான டிக்கெட் எடுத்து, கதவு மூடியிருந்தால் முதலுக்கே மோசம். பல தொகுதிகள் நூலகக் கட்டடத்திலேயே இருப்பதில்லை. தொலைவிலுள்ள கிடங்கிலிருந்து வரவழைக்க வேண்டும். இணையத்தில் முன்பே கணக்குத் திறந்து முதல் வாரத்துக்கான பெட்டிகளைக் கேட்டு வைத்துவிட்டால், வாடகை கொடுத்துவிட்டு வெறுமனே உட்கார்ந்திருக்கும் நாட்கள் இராது. வாசிப்பறைக்குள் பேனா கூடாது, பென்சில் மட்டும். கைபேசியில் ஒளிப்பான் இல்லாமல் படம் எடுக்க விடுகிறார்கள். ஒவ்வொரு பெட்டியைத் திறந்ததும் அதன் எண்ணை எழுதிய துண்டுச்சீட்டை முதல் படமாக எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை ஒரு சீனியர் சொல்லிக்கொடுத்தார். ஆயிரக்கணக்கான படங்களோடு ஊர் திரும்பும்போது அதன் அருமை தெரியும்.

வரவுசெலவுத் திட்டத்தைப் பலர் கடைசி நாளில், ஒப்புக்கு எழுதுகிறார்கள். குழுவில் அதைத்தான் முதலில் பார்ப்பவர்கள் உண்டு. "தங்குமிடம், உணவு: 3,000 டாலர்" என்று எழுதாதீர்கள். எத்தனை வாரம், வாரத்துக்கு எவ்வளவு, அந்த எண் எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள். பாஸ்டனில் வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் செப்டம்பர் முதல் தேதியில் தொடங்கி ஆகஸ்ட் கடைசியில் முடிகின்றன. கோடையில் ஊருக்குப் போகும் மாணவர்கள் தங்கள் அறையை மூன்று மாதத்துக்கு உள்வாடகைக்கு விடத் தவிப்பார்கள். மே மாதக் கடைசியில் வாடகை குறைகிறது. நான் சோமர்வில்லில் அப்படி ஒரு அறை எடுத்தேன். அங்கிருந்து ஹவ்டனுக்கு நடந்தே போகலாம். வூஸ்டருக்குப் புறநகர் ரயில் இருக்கிறது. அங்குள்ள சங்கம் ஆய்வாளர்கள் தங்கத் தன் வீடுகளையே வைத்திருக்கிறது. இப்படி விவரங்களோடு எழுதிய வரவுசெலவைப் பார்க்கும்போது கேட்பவர் போய் வேலை செய்துவிட்டு வருவார் என்ற நம்பிக்கை பிறக்கிறது.

கிடைத்த பணம் எப்போது கைக்கு வரும் என்பது தனிக் கதை. சில மானியங்கள் முன்பே வங்கியில் விழும். சில, நீங்கள் செலவு செய்து ரசீது காட்டிய பிறகே வரும்; அதற்குள் செப்டம்பர் ஆகிவிடும். இரண்டாவது வகையை எதிர்பார்க்காமல் போனால் கடன் அட்டை வட்டியில் மானியமே கரைந்துவிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கணக்குத்தான். நான் ஒவ்வொரு முறையும் முன்பணம் கொடுப்பீர்களா என்று கேட்டேன். விதிமுறையில் எழுதியிராத இடத்தில்கூடக் கொடுத்தார்கள். உள்வாடகைக்கு ரசீது கிடைக்காது என்பதால், பணம் கொடுக்கும் அன்றே அறை கொடுத்தவரிடம் தேதியும் தொகையும் குறித்த கையொப்பமிட்ட தாள் ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரே செலவுக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்கக் கூடாது. வாடகைக்கு ஒன்று, பயணத்துக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டு, இரண்டு அலுவலகத்துக்கும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் சிக்கல் எழாது.

வரியை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். கல்விக் கட்டணத்துக்குப் போகாமல் தங்குவதற்கும் சாப்பிடுவதற்கும் வரும் ஃபெல்லோஷிப் தொகைக்கு அமெரிக்காவில் வருமான வரி உண்டு. மாணவர் விசாவில் இருப்பவர் வரி விதிப்படி முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் பொதுவாக வெளிநாட்டவராகவே கருதப்படுவார். அவருக்குக் கொடுக்கும் தொகையிலிருந்து 14 விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். 5,000 டாலர் என்றால் 4,300 கைக்கு வரும். வரவுசெலவு எழுதும்போதே இதைக் கழித்துப் பார்க்க வேண்டும். பிடித்ததற்கான 1042-எஸ் படிவம் அடுத்த ஆண்டு மார்ச்சுக்குள் வரும், அதைப் பத்திரப்படுத்துங்கள். இந்திய மாணவர்களுக்கு இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவுப்படி, அமெரிக்கக் குடிமக்களுக்கு உள்ள நிலையான கழிவு (வரி கணக்கிடும் முன் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் தொகை) உண்டு. மற்ற நாட்டு மாணவர்கள் பலருக்கு இந்தச் சலுகை கிடையாது. ஆண்டு வருமானம் சிறியதாக இருந்தால், வெளிநாட்டவர் வரிக்கணக்குக் காட்டும் 1040-என்ஆர் படிவத்தில் அந்தக் கழிவைக் கோரி, பிடித்த பணத்தின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ திரும்ப வாங்கலாம். இலங்கைத் தோழர்கள் தங்கள் நாட்டு ஒப்பந்தத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். சென்னைக்கோ கொழும்புக்கோ போய்ச் செய்யும் ஆய்வுக்கு வரும் தொகை வேறு விதமாகக் கணக்கிடப்படும். அமெரிக்காவுக்கு வெளியே செய்த வேலைக்கான ஃபெல்லோஷிப், வெளிநாட்டவருக்கு அமெரிக்க வருமானம் ஆகாது. பணம் கொடுக்கும் அலுவலகத்துக்கு இது தெரியாமல் இருக்கலாம். பணம் கைமாறுவதற்கு முன் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் வரிப் பிரிவில் போய்க் கேட்பது நல்லது.

திருநெல்வேலியிலிருந்து வந்து மொழியியல் படிக்கும் தங்கை ஒருத்தி சென்ற குளிர்காலத்தில் கேட்டாள்: "800 டாலருக்கு நான்கு பக்கம் எழுதித்தான் ஆக வேண்டுமா, அக்கா?" எழுது என்றேன். அந்த 800 டாலர் விமான டிக்கெட்டுக்குச் சரியாக இருக்கும். அந்த நான்கு பக்கத்தில் மூன்று பக்கம் அடுத்த விண்ணப்பத்துக்கும் உதவும். அதைவிட முக்கியமாக, ஒருவர் ஏற்கெனவே நம்பிப் பணம் கொடுத்திருக்கிறார் என்பதைப் பார்த்தால் அடுத்தவருக்கும் கை நீளும். என் பெரிய ஃபெல்லோஷிப்புக்கு முந்தைய ஆண்டில் கிடைத்த சிறு பயணத்தொகையால்தான், பெட்டி எண்களோடு அந்தப் பெரிய விண்ணப்பத்தை எழுத முடிந்தது.

எதுவும் கிடைக்காத கோடைகளும் உண்டு. கோடை வகுப்பு எடுத்து வாடகை கட்டிய ஆண்டில், நூலகங்களுக்கிடையிலான கடன் வசதியில் நுண்படச் சுருள்களை வரவழைத்து மாலையில் படித்தேன். நூலகங்கள் சிறு எண்ணிக்கைப் பக்கங்களைக் குறைந்த கட்டணத்திலோ இலவசமாகவோ படம் எடுத்து அனுப்பும், கேட்டுப் பாருங்கள். ஆனால் இதையெல்லாம் முயற்சி, திருவினை என்று மட்டும் பேசி முடித்துவிட எனக்கு மனமில்லை. வீட்டிலிருந்து பணம் வருகிறவர் கோடையில் காப்பகத்துக்குப் போகிறார். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவர் கோடை வகுப்பு எடுக்கிறார். மூன்று கோடை இப்படிப் போனால் இரண்டு ஆய்வேடுகளும் ஒன்றாக இராது. மானிப்பாயின் கூலியாட்களைப் பற்றி யார் எழுதுவார், யாரால் எழுத முடியாமல் போகும் என்பதை ஒரு சம்பளப் பட்டியலின் மூன்று காலி மாதங்கள் தீர்மானிப்பது அநியாயம். இதைத் துறைத் தலைவரிடமும் மாணவர் சங்கத்திலும் உரத்துச் சொல்ல வேண்டும். எங்கள் துறையில் மாணவர்கள் சேர்ந்து, யாருக்குக் கோடையில் எவ்வளவு கிடைத்தது, எவ்வளவு கையிலிருந்து போனது என்று பெயரில்லாமல் எழுதித் திரட்டினோம். அந்தத் தாளைக் கூட்டத்தில் வைத்த பிறகே பயணத்தொகையை ரசீதுக்கு முன்பே கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். இன்னும் பன்னிரண்டு மாத உதவித்தொகை வரவில்லை. அந்தக் கோரிக்கையை நாங்கள் கைவிடவும் இல்லை.

திரும்பி வந்ததும் ஃபெல்லோஷிப் கொடுத்த இடத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். கேட்ட நீளத்துக்கு மேல் எழுத வேண்டாம். எந்தப் பெட்டியில் என்ன கிடைத்தது, பட்டியலில் இல்லாத எது கண்ணில் பட்டது என்று குறிப்பிடுங்கள். தமிழ் படிக்கத் தெரிந்தவர் அந்தத் தொகுதிகளைத் திறப்பது அவர்களுக்கு அடிக்கடி நடப்பதில்லை. ஆங்கிலக் கடிதங்களுக்கு நடுவே செருகியிருந்த தமிழ்த் தாள்கள் இன்னவை என்று நான் எழுதி அனுப்பிய குறிப்பை ஒரு நூலகர் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். அறிக்கையை அனுப்பிய வாரத்திலேயே அதன் நகலை நெறியாளருக்கும் அனுப்பிவிடுங்கள். நவம்பர் விண்ணப்பத்துக்கான பரிந்துரைக் கடிதத்தை அக்டோபர் முதல் வாரத்தில் கேட்கும்போது, அவர் எழுத வேண்டியதில் பாதி அதில் இருக்கும்.